மதுரையில் பெண்கள் பைக் குழு தொடங்க: மைதானத்திலிருந்து சிறுமலை வளைவு வரை

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கியர் வண்டி பழகியவர்களும் குறைவில்லை. அவர்களில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாக ஓட்ட நினைத்தால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப் போட வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி.

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். மார்ச் 8-க்கு டீ-ஷர்ட் அடித்து ஐம்பது வண்டிகளுடன் ஊர்வலம் போகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், ஜூன் மாதம் வாட்ஸ்அப் குழுவில் குட் மார்னிங் மட்டும் மிஞ்சுகிறது. ஊர்வலத்தில் யாரும் யாருடைய ஓட்டத்தையும் பார்ப்பதில்லை. ஆகவே ஊர்வலத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு மைதானத்திலிருந்து தொடங்குங்கள்.

1. ஆறு பேர் போதும்

ஐந்திலிருந்து ஏழு பேர் வரை சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு வண்டிக்கு மேல் போனால் சிக்னலில் வரிசை உடையும். முன்னால் போகிறவர் கண்ணாடியில் கடைசி வண்டி தெரியாது.

இவர்களில் இரண்டு பேருக்காவது நெடுஞ்சாலையில் ஓட்டிய பழக்கம் இருக்க வேண்டும். ஒருவர் வரிசையின் முதலிலும் மற்றவர் கடைசியிலும் போக வேண்டியிருப்பதால், ஒரே ஒரு அனுபவசாலி இருந்தால் வேலைக்கு ஆகாது.

பெயர், லோகோ, சங்கப் பதிவு எதுவும் இப்போது வேண்டாம். முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியவை இவைதான்: ரத்த வகை, எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் போனை எடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்கள். ஒரே எண்ணை மட்டும் வாங்குவது வழக்கமான தவறு. கணவர் டூட்டியில் இருப்பார், அம்மா போனைச் சார்ஜில் போட்டிருப்பார். இரண்டாவது எண் அதற்காகத்தான்.

2. லைசென்ஸும் இன்சூரன்ஸும்: இங்கேதான் பெண்களுக்குத் தனிச் சிக்கல்

லைசென்ஸ் கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வாயால் சொல்வதை நம்பிச் சேர்க்க வேண்டாம். பலரிடம் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே இருக்கும். அதை வைத்துக்கொண்டு புல்லட்டோ ஸ்ப்ளெண்டரோ ஓட்டினால் சட்டப்படி அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவே.

கியர் வண்டிப் பிரிவைச் சேர்க்க, லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதியில் விண்ணப்பித்து எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதற்குள் டெஸ்டுக்குப் போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். கியர் லைசென்ஸ் கைக்கு வரும்வரை அவர் தன் ஸ்கூட்டியிலேயே குழுவோடு வரலாம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரைக் கியர் வண்டியோடு நெடுஞ்சாலைக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். வண்டி யார் பெயரில் இருக்கிறது? நம் பக்கம் பெண்கள் ஓட்டும் வண்டிகளில் பல, அப்பா, கணவர் அல்லது அண்ணன் பெயரில்தான் இருக்கும். இன்சூரன்ஸோடு கட்டாயமாக வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே பொருந்தும். கணவர் பெயரில் உள்ள வண்டியை மனைவி ஓட்டி விழுந்தால் அந்தத் தொகை மனைவிக்கு வராது. எனவே வண்டி தன் பெயரில் இல்லாதவர்கள் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாகவே வையுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்காமல் விட்டால் ஒரு குடும்பம்தான் தவிக்கும்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் ஒரு பிரதி பையிலும் இருக்கட்டும்.

3. வண்டியை உடம்புக்குப் பொருத்துங்கள்

“எனக்கு உயரம் பத்தாது, புல்லட் சரிப்படாது” என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. கணக்கைப் பாருங்கள் (கிளாசிக், ஹன்டர், மீட்டியோர் மூன்றும் புல்லட் கம்பெனி வண்டிகள்தான்). கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மி.மீ., ஹன்டர் 350 790 மி.மீ., ஸ்ப்ளெண்டர் 785 மி.மீ., மீட்டியோர் 350 765 மி.மீ., அவெஞ்சர் 737 மி.மீ. ஸ்ப்ளெண்டரில் கால் ஊன்றுகிறவருக்கு ஹன்டரிலும் கால் எட்டும். வித்தியாசம் எடையில்தான். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஹன்டர் 181 கிலோ, கிளாசிக் 195 கிலோ. நிற்கும் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது இந்த எடை முழுதும் ஒரே காலில் இறங்கும்.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டியதில்லை. ஒரு பாதம் முழுசாகவும் மற்றதன் முன்பாதமும் ஊன்றினால் ஓட்டலாம். கால் எட்டவில்லை என்று சஸ்பென்ஷனைக் கண்டபடி இறக்குவது தவறு. வளைவில் சைடு ஸ்டாண்டும் சைலன்சரும் தரையில் உரசும். சீட் ஃபோமை ஓரங்களில் செதுக்கித் தையல் போட்டுத் தரும் சீட் கடைக்காரரிடம் கொடுங்கள். நடுவில் குறைக்கச் சொன்னால் உட்கார்ந்த இடம் ஒரு மணி நேரத்தில் வலிக்கும். இரண்டு தொடையும் உரசும் முன்பக்க ஓரங்களில் குறைத்தாலே கால் நேராக இறங்கும், உயரம் எட்டிவிடும்.

அடுத்து கிளட்ச் லீவர். பெண்களுக்குக் கை வலி வருவதற்கு பலம் பத்தாமை காரணமில்லை, லீவர் நிற்கும் இடம்தான் காரணம். சீட்டில் உட்கார்ந்து விரல்களை நீட்டுங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் லீவரைத் தொட வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கினால் லீவர் உயரமாக இருக்கிறது. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள். பிறகு கேபிளில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு வையுங்கள். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேயும், அதிகமானால் கியர் விழாது. கேபிளை எண்ணெய் விட்டு ஓடச் செய்தாலே லீவரின் கனம் பாதி குறைந்தது போலிருக்கும். பத்து நிமிட வேலை இது. செய்யாமல் விட்டு, கை வலியால் ஓட்டுவதையே விட்டவர்கள் உண்டு.

4. தலை, முடி, துணி

ஹெல்மெட் ஐ.எஸ். 4151 முத்திரையோடு இருக்க வேண்டும். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே டேப் சுற்றித் தலையளவு எடுத்து வாங்குங்கள். பட்டையைக் கட்டிய பிறகு பின்னாலிருந்து தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவு அல்ல.

கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் வாங்கப் போகாதீர்கள். கொண்டைக்கு இடம் விட்டு வாங்கிய ஹெல்மெட் விழும்போது சுழலும். சடையைக் கழுத்துக்குக் கீழே தளர்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். கிளிப், கொண்டை ஊசி, கம்மல் எல்லாம் கழற்றிப் பையில் போடுங்கள். அடி விழுந்தால் அவைதான் முதலில் தோலில் ஏறும். மல்லிகைப் பூ வீடு திரும்பிய பிறகு.

துப்பட்டா, முந்தானை, தளர்ந்த ஸ்கார்ஃப் மூன்றுக்கும் தடை, விதிவிலக்கே வேண்டாம். செயினிலோ பின்சக்கரத்திலோ ஒரு நுனி சுற்றினால் கழுத்தை இழுத்துவிடும். பின்னால் உட்கார்கிறவருக்கும் இதே விதி.

ரைடிங் ஜாக்கெட் வாங்க வசதி வரும்வரை முழு ஜீன்ஸ், கணுக்கால் மூடிய ஷூ, கையுறை, முழங்கால் கார்டு (கவசம்) போதும். ஜாக்கெட் வாங்கும்போது முழங்கை கார்டைப் பிடித்துத் திருகுங்கள். அது உங்கள் கையைச் சுற்றி நகர்ந்தால், விழும்போதும் நகர்ந்துவிடும். ஆண்கள் அளவு ஜாக்கெட்டில் இந்தக் குறை அதிகம். மதுரை வெயிலுக்கு மெஷ் துணிதான் சரி.

5. நான்கு ஞாயிறு மைதானம்

அனுமதி பெற்று ஒரு பள்ளி அல்லது கல்லூரி மைதானத்தைப் பிடியுங்கள். காலை ஆறரை முதல் எட்டரை வரை போதும். ஒன்பதுக்கு மேல் வெயிலில் கற்றது மனதில் நிற்காது.

முதல் ஞாயிறு மெதுவாக ஓட்டுவது. 20 மீட்டருக்குக் கோடு போட்டு, கால் ஊன்றாமல் 15 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டும், அதாவது நடக்கிற வேகத்தில். கிளட்ச் பாதி, பின்பிரேக் லேசாக, ஆக்சிலேட்டர் ஒரே அளவில். முன்பிரேக்கைத் தொட்டால் ஹேண்டில் மடங்கி விழும். வண்டி விழுவது பெரும்பாலும் இந்த வேகத்தில்தான்: டீக்கடை முன்னால் திரும்பும்போதும், மண் ஓரத்தில் நிறுத்தும்போதும்.

இரண்டாவது ஞாயிறு எட்டு போடுவதும் யூ-டர்னும். ஏழு மீட்டர் அகலத்துக்குள் திரும்பிவிட வேண்டும், இருவழிச் சாலையின் அகலம் ஏறக்குறைய அதுதான். பார்வை போகிற பக்கம்தான் வண்டி போகும். தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போகும்.

மூன்றாவது ஞாயிறு பிரேக். 40 கி.மீ. வேகத்தில் வந்து இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்தி நிறுத்துவது. ஸ்கூட்டி ஓட்டியவர்கள் இடது கை பிரேக்கை மட்டுமே பிடித்துப் பழகியிருப்பார்கள். கியர் வண்டியில் அந்தக் கையில் இருப்பது கிளட்ச். பயத்தில் கிளட்சைப் பிடித்துவிட்டு வண்டி நிற்கவில்லையே என்று திகைப்பார்கள். இது அறிவால் போகாது, முப்பது நாற்பது தடவை செய்தால்தான் கை மறக்கும்.

நான்காவது ஞாயிறு வரிசை ஓட்டம், மைதானத்தைச் சுற்றியே.

6. விழுந்த வண்டியைத் தூக்குவது

ஒவ்வொருவரும் தன் வண்டியைத் தானே தூக்கத் தெரிந்த பிறகுதான் ரோட்டுக்கு வர வேண்டும். பழைய மெத்தையை விரித்து அதன்மேல் வண்டியைச் சாய்த்துப் பழகுங்கள்.

முதலில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சும் சாவியும் ஆஃப். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இப்போதே விரித்துவிடுங்கள், தூக்கியதும் வண்டி அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் கியரில் இருந்தால் உருளாது. இடது பக்கம் விழுந்தால் ஸ்டாண்டு அடியில் சிக்கியிருக்கும். அதனால் நிமிர்த்திய பிறகு மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சீட்டுக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட் ஓரத்தில் ஒட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், மறு கை பின்னால் கம்பியில் அல்லது ஃபிரேமில். முதுகு நேராக இருக்கட்டும். காலால் தரையை உதைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். வண்டி தானாக நிமிர்ந்து வரும். முன்னால் நின்று குனிந்து கையால் இழுப்பவர்களுக்கு இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். 195 கிலோ கிளாசிக்கை 50 கிலோ எடையுள்ள பெண் இப்படித் தனியாகத் தூக்க முடியும். தூக்கிவிட்ட அன்று அவர் முகத்தைப் பாருங்கள், அதன் பிறகு வண்டிமேல் இருந்த பயம் பாதியாகிவிடும்.

7. பாதைகளை ஏறு வரிசையில் வையுங்கள்

முதல் பயணம் மாட்டுத்தாவணி பக்கமிருந்து அழகர்கோவில், அங்கிருந்து மேலூர், நான்குவழிச் சாலையில் மதுரை. சுற்றி வர அறுபது சொச்சம் கி.மீ. தான். ஊர்ச் சாலை, இருவழிச் சாலை, நெடுஞ்சாலை மூன்றையும் ஒரே காலையில் பழகலாம். மேலூர் பக்கம் கல் லாரிகளின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், ஜல்லி தெறிக்கும்.

இரண்டாவது, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் வழியாக வைகை அணை. போக வர 140 கி.மீ. கணவாயில் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்காலால் டேங்கை இறுக்கிக் கையைத் தளர்த்த வேண்டும்.

மூன்றாவது சிறுமலை. திண்டுக்கல் வரை நான்குவழி, பிறகு 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியரில் நுழையுங்கள், வளைவுக்குள் கிளட்சைப் பிடிக்காதீர்கள். பஸ் வந்தால் வளைவின் முழு அகலமும் அதற்குத்தான். ஹாரன் அடித்து, வளைவுக்குள் நுழையாமல் வெளியே நின்று விட்டுக்கொடுங்கள். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். ஸ்கூட்டியில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் எஞ்சின் பிடிப்பு விட்டுப்போய் வண்டி வெறுமனே உருளும். முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து சூடேறும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆற விடுங்கள்.

இந்த மூன்றும் முடிந்த பிறகு ராமேஸ்வரம், ஒருவழி சுமார் 170 கி.மீ. கொடைக்கானல் அதற்கும் பிறகு. 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதால் பயணத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

நாளையும் பார்த்துக் குறியுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் அழகர்கோவில் சாலை உங்களுக்கு ஆகாது. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கமும் அப்படியே.

8. கழிப்பறையைப் பாதையிலேயே குறியுங்கள்

பெண்கள் பயணத்தில் நேரக் கணக்கைக் குலைப்பது இதுதான். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதிப்பேர் தண்ணீர் குடிக்காமலே ஓட்டுவார்கள். வெயிலில் அது தலைசுற்றலில் முடியும். லீட், அதாவது வரிசையின் முதலில் போகிறவர், முந்தின வாரமே பாதையை ஓட்டிப் பார்த்து, 45-50 கி.மீ.க்கு ஒரு பங்க் அல்லது ஓட்டலில் கழிப்பறையை உள்ளே போய்ப் பார்த்துத் தாழ்ப்பாள், தண்ணீர், வெளிச்சம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொதுப் பையில் நாப்கின், பழைய பேப்பர், வலி மாத்திரை இருக்கட்டும். “இன்னைக்கு முடியலக்கா” என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் அடுத்த முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

9. முந்தின நாள் மாலை சோதனை

காலையில் சோதித்தால் குறை தெரியும், சரிசெய்யக் கடை திறந்திருக்காது. அதனால் முந்தின மாலை.

டயர் ஆறியிருக்கும்போது காற்று, வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுப்படி. செயின் தளர்வு பெரும்பாலான வண்டிகளில் 25-30 மி.மீ. விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் லைட். எஞ்சின் ஆயில். பெட்ரோல் டேங்க் நிறைய. குழுவில் ஆக்டிவா இருந்தால் அதன் 5.3 லிட்டர் டேங்க்தான் எல்லோருடைய பெட்ரோல் நிறுத்தத்தையும் முடிவு செய்யும்.

ஸ்போக் சக்கரம் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் டியூப் இருக்கும். டியூப்லெஸ் பங்க்சர் கிட் அதற்கு உதவாது. அந்த அளவு டியூப் ஒன்றும் டயர் லீவர் இரண்டும் வேண்டும். கிளட்ச் கேபிளுக்கு ஒரு நல்ல வழி, புதுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட விட்டு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டி வைப்பது. வழியில் அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் கிளம்பிவிடலாம்.

10. வரிசையும் சைகையும்

முன்னால் லீட், கடைசியில் ஸ்வீப். லீட்டுக்கு அடுத்த இடம் குழுவில் மிகவும் புதியவருக்கு. வேகம் அவர் வேகம்தான், 55-60. புதியவரைக் கடைசியில் விட்டால் இடைவெளியைப் பிடிக்க அவர் 80-இல் ஓட்டுவார். முன்னால் ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

லீட் தன் தடத்தின் வலப்புறம், அடுத்தவர் இடப்புறம், மூன்றாமவர் வலப்புறம் என்று மாறி மாறிப் போக வேண்டும். நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி, குறுக்கே முன்னால் இருப்பவருக்கு ஒரு விநாடி இடைவெளி. 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி என்பது ஏறக்குறைய 17 மீட்டர். வளைவிலும் குறுகிய பாலத்திலும் ஒற்றை வரிசை.

சிக்னலில் வரிசை உடைந்தால் துரத்தக் கூடாது. முன்னால் போனவர்கள் தாண்டியதும் ஓரமாக நின்று காத்திருப்பார்கள். திரும்ப வேண்டிய இடத்தில் லீட்டுக்கு அடுத்தவர் நின்று, ஸ்வீப் வரும்வரை வழிகாட்டிவிட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இடத்தில் புதியவர் ஓட்டும் பயணங்களில் இந்த வேலையை மூன்றாமவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சைகை எல்லாம் இடது கையால். கையை மேலே உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினால் நில், ஒரு விரல் ஒற்றை வரிசை, இரண்டு விரல் மாறி வரிசை, டேங்கைத் தட்டினால் பெட்ரோல். பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கால் நீட்டிக் காட்டுங்கள்.

11. ரோட்டில் காயும் கதிர்

உசிலம்பட்டி, மேலூர்ச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் உளுந்து, கொள்ளு, துவரைச் செடியை ரோட்டில் பரப்பி வண்டி ஏற விடுவார்கள். அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏறிய பிறகு முன்பிரேக் கூடாது, சாய்க்கக் கூடாது, ஒரே அளவு ஆக்சிலேட்டரில் நேராகக் கடக்க வேண்டும். செடிக்கு அடியில் உதிர்ந்த பயறு உருளை உருளையாக நிற்கும், பிரேக் போட்டால் சக்கரம் அதன்மேல் வழுக்கும். தாண்டியதும் நிறுத்தி, செயினிலும் சக்கர அச்சிலும் சுற்றிய கொடியை எடுத்துவிடுங்கள். விவசாயியிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவருக்கு அதுதான் களம்.

வண்ணம் பூசாத வேகத்தடை ஊர் நுழைவில் எல்லாம் உண்டு. பள்ளி, கோவில், பஸ் நிறுத்தம் கண்டால் வேகத்தடை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

12. யாராவது விழுந்தால்

ஸ்வீப் நிற்க வேண்டும், லீட் ஓரங்கட்ட வேண்டும், மற்றவர்கள் தாண்டிப் போய் நிறுத்த வேண்டும். எல்லோரும் அதே இடத்தில் நிறுத்தினால் பின்னால் வரும் லாரி அடுத்த விபத்தாகிவிடும். ஒருவர் முப்பது நாற்பது மீட்டர் பின்னால் போய்ச் சாலை ஓரமாக நின்று துணி வீச, ஒருவர் 108-ஐ அழைக்க, ஒருவர் அடிபட்டவரோடு இருக்க வேண்டும். யார் யார் என்பதைக் கிளம்பும் முன்பே பெயர் சொல்லி ஒதுக்குங்கள்.

மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், அதன் முன்கண்ணாடியைத் திறந்தால் போதும். கழுத்தில் அடி இருந்தால் கழற்றும்போதுதான் மோசமாகும். தண்ணீர் கொடுக்க வேண்டாம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைத் தமிழக அரசின் “நம்மைக் காக்கும் 48” திட்டம் ஏற்கும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளின் பட்டியலைப் பாதைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

13. வீட்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும்

வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிறவரைச் சேர்க்காதீர்கள். ஒரு பங்க்சரில் எல்லாம் வெளியே வந்து, அவருக்கு அதுவே கடைசிப் பயணமாகிவிடும். புறப்படும் நேரம், நிற்கும் இடங்கள், திரும்பும் நேரம், ஸ்வீப்பின் எண் ஆகியவற்றோடு ஒரு தாள் வீட்டுக்குப் போகட்டும். லைவ் லொகேஷன் வீட்டாருக்கு மட்டும். இன்ஸ்டாவில் படம் போடுவது திரும்பி வந்த பிறகு, நம்பர் பிளேட்டை மறைத்து. புறப்படும் இடமும் நேரமும் முன்கூட்டியே வெளியே போனால் கூடவே ஓட்டி வரும் தொல்லை ஆரம்பிக்கும்.

ஒவ்வொருவரும் “வீடு சேர்ந்தேன்” என்று எழுதும்வரை ஸ்வீப்பின் வேலை முடியவில்லை. அரை மணியில் வராவிட்டால் போன் போட வேண்டும்.

நான்கு பயணம் முடிந்து, அப்போதும் ஏழு பேர் நிலைத்திருந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், அதற்கு ஏழு பேர் தேவை. சந்தாவை வாங்கத் தொடங்குவது அதன் பிறகு, அதுவும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்த பிறகு. ஒருவரின் ஜி-பே எண்ணுக்குப் பணம் சேர்த்தால் முதல் சண்டை அங்கேதான் வெடிக்கும். டீ-ஷர்ட்டுக்கு அளவு எடுக்கலாம், இப்போது.